"ஓம்" என்று தலையாட்ட முன்னம்

(எங்கள் சனிக்கிழமைச் சந்திப்பில் நிகழ்த்திய பேச்சு. வேலை காரணமாக வரமுடியாமல் போனவர்கள் கேட்டதற்கிணங்க எழுத்தில் தருகிறோம்.)



எனக்குத் தந்த தலைப்பைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. "தொழில் வாழ்க்கையில் மனவெழுச்சி நுண்ணறிவும் தலைமைத்துவமும்." வந்து நாலு மாதம்தான், கைவிரல் அடையாளம் குடுத்துவிட்டு, வேலை அனுமதி அட்டை எப்ப வரும் என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறவருக்குத் தலைமைத்துவமோ என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் என்னட்டை உதவி கேட்டு வருகிறவர்களில், வேலை கிடைக்காமல் வருகிறவர்கள் மட்டும் இல்லை. கஷ்டப்பட்டுக் கிடைத்த வேலை இரண்டு மூன்று மாதத்தில் கைவிட்டுப் போய் வந்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் சோம்பேறி இல்லை. களவெடுத்தவர் இல்லை. பிந்திப் போனவர் இல்லை. ஏன் வேலை போனது என்று கேட்டால், "தெரியாது ரீச்சர், நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதானே சொன்னனான்" என்பார்கள்.

அந்த "ஓம்" பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

முதலில் அந்தப் பெரிய சொல்லைக் கொஞ்சம் சின்னதாக்குவோம். மனவெழுச்சி நுண்ணறிவு என்ற எண்ணத்தை 1990 இல் பீட்டர் சலோவே, ஜோன் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். 1995 இல் டானியல் கோல்மன் என்ற பத்திரிகையாளர் அதைப் பற்றிப் புத்தகம் எழுத, அது உலகம் முழுக்கப் பரவியது. சாராம்சம் இவ்வளவுதான்: என்ரை நெஞ்சுக்குள்ளே இப்ப என்ன நடக்குது என்று எனக்குத் தெரியவேணும். அது கோபமோ, பயமோ, வெட்கமோ, அதை அடக்கியாளத் தெரியவேணும். எதிரில் நிற்கிற ஆளின் மனதில் என்ன என்று முகத்தையும் குரலையும் பார்த்து விளங்கவேணும். பிறகு வாயைத் திறக்கவேணும். எங்கட அம்மம்மாமாருக்கு இதுக்குப் பேர் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தால் வருகிற பிள்ளையின் நடையைப் பார்த்தே இன்றைக்கு அடி வாங்கியிருக்கு என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே இது எங்களுக்குப் புதுச் சரக்கு இல்லை. இடம்தான் புதிது.

நான் ஊரிலே பன்னிரண்டு வருசம் படிப்பித்தனான். ஒரு கணக்கைக் கரும்பலகையில் செய்து முடித்துவிட்டுத் திரும்பி, "விளங்கிச்சுதோ?" என்று கேட்பேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "ஓம் ரீச்சர்!" அதில் அரைவாசிக்கு விளங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் நானும் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். பாடத்திட்டம் முடிக்கவேணுமே. இப்ப நினைத்தால் அது என்ரை பிழை. விளங்கவில்லை என்று கை உயர்த்தின பிள்ளையை, "எங்கை பிராக்குப் பார்த்துக்கொண்டு இருந்தனீ?" என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். பிள்ளை என்ன படித்தது? கேட்டால் அவமானம், பேசாமல் இருந்தால் பாதுகாப்பு.

பள்ளிக்கூடத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நாங்கள் சோதனைச்சாவடிகளைக் கடந்து வளர்ந்த ஆட்கள். அங்கே கேள்விக்கு "ஓம் சேர்", "இல்லை சேர்". கண்ணைப் பார்க்கக்கூடாது. கூடக் கதைக்கக்கூடாது. விளங்காத மொழியில் ஏதும் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுக் கடந்து போய்விடவேணும். அப்படி இருந்தபடியால்தான் எங்களில் பலர் இன்றைக்கு உயிரோடு இந்த மண்டபத்தில் இருக்கிறோம். அதை நான் பிழை என்று சொல்லவில்லை. அந்தப் புத்தி எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அதே புத்தி இங்கே வேலைத்தலத்தில் எங்களைக் காட்டிக்குடுக்குது. குனிந்த தலையைப் பார்த்து இங்கத்தைய சுப்பர்வைசர் மரியாதை என்று நினைக்கமாட்டார். ஏதோ மறைக்கிறான் என்று நினைப்பார். அல்லது, இவனுக்கு வேலையில் அக்கறை இல்லை என்று நினைப்பார்.

ஒரு தம்பியின் கதையை அவரின் சம்மதத்தோடு சொல்லுகிறேன். இடம், பெயர் வேண்டாம். அட்டை வந்த கையோடு இரவில் அலுவலகங்களைத் துப்புரவாக்குகிற வேலை கிடைத்தது. ஊரில் கணக்காளராக இருந்தவர், நல்ல கெட்டிக்காரன். முதல் நாள் ஒருவர் வந்து போத்தல்களைக் காட்டி, படபடவென்று இங்கிலிஷில் விளக்கம் சொல்லியிருக்கிறார். தம்பி எல்லாத்துக்கும் தலையாட்டினார். எங்கட தலையாட்டல் உங்களுக்குத் தெரியும்தானே, பக்கவாட்டில் ஒரு சாய்ப்பு. அது ஓமா, இல்லையா, பார்ப்பமா என்று அமெரிக்கருக்கு ஒருநாளும் விளங்காது. இரண்டாம் கிழமை, தரையில் ஒரு கறை போகவில்லை என்று, புளீச்சையும் அமோனியா உள்ள இன்னொரு திரவத்தையும் ஒரே வாளிக்குள் ஊற்றிவிட்டார். அது இரண்டும் சேர்ந்தால் நச்சுப்புகை வரும். மூச்சு முட்டி, கண் எரிந்து, வெளியே ஓடிவந்து படியில் இருந்திருக்கிறார். நல்ல காலம், அந்தத் தளத்தில் வேறு ஒருவரும் இல்லை. அவருக்கும் பெரிய பாதிப்பு இல்லை. அடுத்த நாள் வேலை போய்விட்டது.

வேலையால் நிற்பாட்டினவர் கடைசியாகச் சொன்னது என்ன தெரியுமோ? கலந்ததற்காக இல்லையாம். "விளங்கிச்சுதா என்று உன்னட்டைக் கேட்டனான். ஓம் என்று சொன்னாய். இனி உன்ரை ஓமை நான் எப்படி நம்புறது?"

அந்த ஆளிலும் பிழை இருக்கு, அதையும் சொல்லவேணும். கலிபோர்னியாவில், வேலைத்தலப் பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளிக்கு விளங்கக்கூடிய முறையில் குடுக்கவேணும் என்பது முதலாளியின் கடமை. இங்கிலிஷில் ஒரு கடதாசியை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அந்தக் கடமை முடிந்துவிடாது. விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். "இதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கலாமா" என்று கேளுங்கோ. ஆனால் புகையைச் சுவாசிக்கிறது நீங்கள். ஆகவே முதலாளி தன் கடமையைச் செய்யும்வரை காத்திருக்காமல், கேட்கிற பழக்கத்தை நாங்கள் பழகத்தான் வேணும்.

இப்ப உங்களை ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறேன். தூரமில்லை. பெரியெஸ்ஸா ஸ்டேசனில் பார்ட் ரெயில் ஏறினால், மில்பிடாஸ் கழிய வருவது வாம் ஸ்பிரிங்ஸ். அங்கே இறங்கிப் பார்த்தால் ஒரு பிரமாண்டமான கட்டிடம் தெரியும். இன்றைக்கு அது டெஸ்லா கார் செய்கிற இடம். முந்தி, 1960களில் இருந்து 1982 வரை, அது ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் பிரீமொன்ட் தொழிற்சாலை. அமெரிக்காவிலேயே மோசமான கார்த் தொழிற்சாலை என்று பெயர் எடுத்தது. நூறு பேரில் இருபது பேர் வேலைக்கே வருகிறதில்லை. திங்கட்கிழமைகளில் லைனை ஓடவைக்கவே ஆள் காணாது. வேலைநேரத்தில் குடி. சிலர் கோபத்தில், கார்க் கதவுக்குள் வெறும் போத்தலைப் போட்டு மூடிவிடுவார்களாம், வாங்குகிறவர் ஓடும்போது கடகடவென்று சத்தம் கேட்கட்டும் என்று. அங்கே இருந்த ஒரே சட்டம், லைன் நிற்கக்கூடாது. பிழையாகப் பூட்டின கார் என்று கண்ணால் கண்டாலும் விட்டுவிடவேணும். பின்னுக்கு வளவில் வைத்துத் திருத்திக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் ஏச்சு.

1982 இல் அதை மூடினார்கள். 1984 இல் ஜெனரல் மோட்டர்ஸும் ஜப்பானிய டொயோட்டாவும் சேர்ந்து அதே கட்டிடத்தைத் திறந்தன. நூமி என்று பெயர். வேலைக்கு எடுத்தது யாரை? பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களை, அதே சங்கத்தை. அவர்களில் குழுத் தலைவர்களாக வரப்போகிறவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி குடுத்தார்கள். திரும்பி வந்தபோது லைன் நெடுக ஒரு கயிறு கட்டியிருந்தது. பிழையைக் கண்டாலோ, வேலை பிந்தினாலோ, என்ன செய்கிறது என்று தெரியாவிட்டாலோ, எந்தத் தொழிலாளியும் அந்தக் கயிற்றை இழுக்கலாம். இழுத்தால் ஒரு இசை ஒலிக்கும், விளக்கு எரியும். உடனே குழுத் தலைவர் ஓடிவருவார். வந்து, "ஏன் இழுத்தாய்?" என்று ஏசக்கூடாது. "என்ன பிரச்சினை, நான் என்ன செய்ய?" என்று கேட்கவேணும். இரண்டு பேரும் சேர்ந்து சரிசெய்தால் லைன் தொடர்ந்து ஓடும். முடியாவிட்டால் நிற்கும். நிற்கட்டும்.

அதே ஆட்கள்தான். இருபது வீதமாக இருந்த வேலைக்கு வராமை இரண்டு வீதம் அளவுக்கு இறங்கியது. கார்களின் தரம் ஜப்பானில் செய்ததோடு ஒப்பிடுகிற அளவுக்கு வந்தது. இதைப் பற்றி முகாமைத்துவம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது கயிறு இல்லை. "எனக்குத் தெரியேல்லை, உதவி வேணும்" என்று சொல்லுகிறது வெட்கமில்லை, அது வேலையின் ஒரு பகுதி என்று பெரிய தாடிக்கார ஆம்பிளைகள் எல்லாம் பழகினார்கள் பாருங்கோ, அதுதான்.

கதையை இனிப்பாக முடிக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அது பொய்யாகிவிடும். தெற்குக் கலிபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்தில் இருந்த தங்கள் இன்னொரு தொழிற்சாலையிலும் ஜெனரல் மோட்டர்ஸ் இதே முறையைக் கொண்டுவரப் பார்த்தது. சரிவரவில்லை. அங்கே தொழிலாளிக்கும் மேலாளருக்கும் ஒருவரில் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை, லைனை நிற்பாட்ட விடவும் மனமில்லை. 1992 இல் மூடினார்கள். நூமிகூட 2010 ஏப்ரலில் மூடப்பட்டது. அது கார் செய்யத் தெரியாததால் இல்லை, பெரிய கம்பனிகளின் கணக்கு வழக்கால். அங்கே வேலை செய்த நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நல்ல குணம் இருந்தால் வேலை போகாது என்று ஒருவரும் உங்களுக்கு உத்தரவாதம் தரமுடியாது.

வான் நைஸ் கதையிலிருந்து நாங்கள் எடுக்கவேண்டிய பாடம் வேறு. நீங்கள் வேலைக்குப் போன இடத்தில் கயிறு இருக்கோ, இல்லையோ என்று முதலில் பாருங்கோ. சொல்லளவில் எல்லா இடத்திலும் இருக்கும். "எனி குவெஸ்சன்ஸ், ஜஸ்ட் ஆஸ்க்" என்று எல்லா மனேஜரும் சொல்லுவார். உண்மை என்ன என்று அறிய ஒரு வழி இருக்கு. சின்னக் கயிறாக இழுத்துப் பாருங்கோ. முதல் கிழமையே, ஆபத்தில்லாத ஒரு சின்ன விசயத்தைப் போய்க் கேளுங்கோ. இந்தப் பெட்டியை எந்தத் தட்டில் வைக்கிறது, இந்தச் சாவி ஆரிட்டை குடுக்கிறது, அப்படி. அவர் நின்று காட்டித் தருகிறாரா, கண்ணை உருட்டுகிறாரா? அடுத்தவர் பிழைவிட்டபோது அவர் என்ன செய்தார் என்றும் கவனியுங்கோ. இரண்டு மூன்று கிழமையில் உங்களுக்கே விளங்கிவிடும். கயிறு இல்லாத இடம் என்றால், சுப்பர்வைசரை விட்டுவிட்டு, அங்கே பல வருசமாக நிற்கிற ஒரு பழைய ஆளைப் பிடியுங்கோ. மெக்சிக்கோக்காரரோ, வியட்நாம்காரரோ, பிலிப்பைன்ஸ்காரரோ யாராவது இருப்பார். அவரும் ஒருநாள் உங்களைப்போல வந்து நின்றவர்தான்.

எப்படிக் கேட்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு மாதிரி எல்லாரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கோ. "ஐ டிட்ன்ட் கெட் தட். குட் யூ ஷோ மீ வன்ஸ் மோர்?" எனக்கு அது பிடிபடவில்லை, இன்னொரு தரம் செய்து காட்டுவீர்களா. "டெல் மீ" இல்லை, "ஷோ மீ". சொன்னால் திரும்பவும் படபடவென்று சொல்லுவார், காட்டினால் கண்ணால் பிடிக்கலாம். அதன்பிறகு, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கோ. "ஸோ, பெர்ஸ்ட் த டேபிள்ஸ், தென் த ப்ளோர். இஸ் தட் ரைட்?" முதலில் மேசை, பிறகு தரை, சரிதானே. இலக்கணம் பிழைத்தால் பிழைக்கட்டும். இப்படித் திருப்பிச் சொல்லுகிற ஆளைச் சுப்பர்வைசருக்குப் பிடிக்கும். தன் தலையிலிருந்து ஒரு கவலை இறங்கினதுபோல இருக்கும் அவருக்கு. மூன்றாவது வசனம் கொஞ்சம் கஷ்டம். "ஐ மேட் எ மிஸ்டேக். ஐ வான்ட் டு டெல் யூ நவ்." பிழை விட்டுவிட்டேன், இப்பவே சொல்லவேணும். பிழையை மறைத்து, அவர் கண்டுபிடித்து, பிறகு கூப்பிட்டு விசாரிக்கிறதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

அவர்கள் சொல்லுகிறதை விளங்குகிறதிலும் ஒரு நுணுக்கம் இருக்கு. "மேபி யூ குட் ட்ரை..." என்று இழுத்தால், அது யோசனை இல்லை, கட்டளை. "வென் யூ கெட் எ சான்ஸ்" என்றால் நேரம் கிடைக்கும்போது என்று இல்லை, இன்றைக்குள் செய் என்று அர்த்தம். "குட் ஜொப், பட்..." என்று தொடங்கினால் முதல் இரண்டு சொல்லைச் சந்தோசமாக வைத்துக்கொண்டு, "பட்" டுக்குப் பிறகு வருவதைக் கவனமாகக் கேளுங்கோ. "ஹவ் ஆர் யூ?" என்று நடந்துகொண்டே கேட்கிறவரை நிற்பாட்டி நாரிநோ கதை சொல்லவேண்டாம். நான் சொல்லியிருக்கிறேன். அவர் பாவம், கோப்பி ஆறும்வரைக்கும் நின்று கேட்டார்.

இதெல்லாம் துப்புரவு வேலைக்கும் கடை வேலைக்கும் சரி, நாளைக்கு எங்கட பட்டத்தை மதிப்பிட்டு எடுத்துக் கந்தோர் வேலைக்குப் போனால் என்ன என்று சில பேர் கேட்கக்கூடும். அங்கே இன்னும் கூட. மவுன்டன் வியூவில் இருக்கிற கூகிள் கம்பனியில், நல்ல மேலாளர் என்றால் யார் என்று 2008 அளவில் தங்களுக்குள்ளேயே ஆராய்ந்தார்கள். கணினியில் புலியாக இருக்கிறவர்தான் நல்ல தலைவர் என்று எதிர்பார்த்த இடம் அது. எட்டு நல்ல பழக்கங்கள் வந்தன. முதலாவது, பொறுமையாகப் பழக்கியெடுக்கிற குணம். தொழில்நுட்ப அறிவு எட்டாவது, கடைசி. பிறகு 2012 இல் தங்களின் நூற்றெண்பது குழுக்களை எடுத்து, எது நல்ல குழு, ஏன் என்று பார்த்தார்கள். யார் குழுவில் இருக்கிறார்கள் என்பது முக்கியமில்லையாம். "நான் முட்டாள்தனமான கேள்வி கேட்டாலும், பிழை விட்டேன் என்று சொன்னாலும் இவர்கள் என்னை அவமானப்படுத்தமாட்டார்கள்" என்ற நம்பிக்கை அந்தக் குழுவில் இருக்கோ என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாக வந்தது. பாருங்கோ, திரும்பவும் பிரீமொன்ட் கயிறுதான். (அந்தக் கம்பனிக்கு மதுரையில் பிறந்த தமிழர் ஒருவர் 2015 இல் தலைவரானார் என்று கோயிலில் எல்லாரும் கதைப்பார்கள். சந்தோசம்தான். ஆனால் நான் இன்றைக்குக் கதைக்கிறது உங்களைப் பற்றி.)

இன்னொரு ஆராய்ச்சியும் சொல்லவேணும், முதியோரைப் பராமரிக்கிற வேலைக்குப் போகிறவர்கள் கேளுங்கோ. ஹார்வர்டில் ஏமி எட்மன்சன் என்ற பேராசிரியை 1990களில் ஆஸ்பத்திரித் தாதிகளின் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள குழுவில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனார். பதிவேட்டில் பார்த்தால் அந்தக் குழுக்களில்தான் கூட. யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவர்கள் கூடப் பிழை விடவில்லை, பிழையைக் கூடச் சொன்னார்கள். மற்றக் குழுக்கள் பயத்தில் மூடி மறைத்தன.

இனிக் கொஞ்சம் எங்கள் உள்ளுக்குள்ளே பார்ப்போம். கேட்கிறது வாயின் வேலை மட்டும் இல்லை. ஒரு அண்ணை வெயார்ஹவுஸில் நிற்கிறார். பின்னுக்கு யாரோ ஒரு பலகைத்தட்டை நிலத்தில் போட்டால் இவருக்கு உடம்பு முழுக்க விறைத்துவிடும். அந்த நேரம் சுப்பர்வைசர் வந்து தோளில் தட்டினால் கத்திவிடுவார். ஆள் முரடு என்று பேர். அவர் முரடு இல்லை. அவரின் உடம்பு இன்னும் ஊரில் நிற்குது, அவ்வளவுதான். இங்கே யூலை 4 இரவு கிழக்கு சான் ஹோசேயில் வெடி வெடிக்கும்போது உங்களில் எத்தனை பேர் கட்டிலை விட்டு எழும்பிச் சுவரோடு சாய்ந்திருக்கப் போகிறீர்களோ தெரியாது. நானும் இருந்தனான். அது வருத்தம் இல்லை, வெட்கப்படவும் தேவையில்லை. ஆனால் அது உங்களுக்குள்ளே இருக்கு என்று உங்களுக்குத் தெரியவேணும். தெரிந்தால், "சொறி, லவுட் நொய்சஸ் ஸ்டார்ட்ல் மீ" என்று ஒரு வசனம் சொல்லிவிடலாம். சத்தம் கேட்டால் திடுக்கிடுவேன் என்று அர்த்தம். ஏன் என்று கதை சொல்லவேண்டிய அவசியம் இல்லை. அந்த அண்ணை இப்ப அப்படித்தான் சொல்லுகிறார். சக ஊழியர்கள் பின்னால் வந்தால் முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு நிற்கவில்லை என்றால், எங்களிடம் சொல்லுங்கோ. தமிழிலோ மொழிபெயர்ப்போடோ பார்க்கக்கூடிய ஆட்களிடம் அனுப்புகிறோம்.

கோபம் வந்தால்? கலிபோர்னியாச் சட்டப்படி, நாலு மணித்தியால வேலைக்குப் பத்து நிமிடம் சம்பளத்தோடு ஓய்வு உங்களுக்கு உரியது. ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால், ஐந்தாவது மணித்தியாலம் முடிய முன்னம் அரை மணித்தியாலச் சாப்பாட்டு நேரம். எங்கட ஆட்கள் பலர், நல்ல பேர் எடுக்கவேணும் என்று அதை எடுக்காமல் நிற்கிறார்கள். எடுங்கோ. வெளியே போய் நில்லுங்கோ. முகத்தில் தண்ணி அடியுங்கோ. கோபத்தில் சொல்ல நினைத்ததைத் தமிழில் காற்றுக்குச் சொல்லுங்கோ, ஒருவருக்கும் விளங்காது. பிறகு உள்ளே போய் இங்கிலிஷில் கதையுங்கோ.

ஆனால் இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மனவெழுச்சி நுண்ணறிவு என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, "சிரி, பணிந்து போ, முறைப்பாடு சொல்லாதே" என்று பிழைப்பு நடத்துகிற முதலாளிமாரும் இருக்கிறார்கள். பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியை ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983 இலேயே விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதின புத்தகத்தில், சிரிப்பையும் சம்பளத்துக்கு விற்கவேண்டி வந்தால் மனிசருக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். அடக்கம் வேறு, அடங்கிப்போகிறது வேறு. சம்பளம் குறைத்துத் தந்தால், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு தராவிட்டால், அது பொறுத்துப் போகவேண்டிய விசயம் இல்லை. லேபர் கமிஷனர் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். உங்கள் குடிவரவு நிலை என்ன என்று அங்கே கேட்கமாட்டார்கள். கலிபோர்னியாவின் சம்பளச் சட்டம் எல்லாத் தொழிலாளிக்கும் பொது. "இமிகிரேசனுக்குச் சொல்லுவேன்" என்று முதலாளி வெருட்டினால், அந்த வெருட்டல் இந்த மாநிலத்தில் சட்டவிரோதம். பெரும்பாலான சம்பள முறைப்பாட்டுக்கு மூன்று வருசம்வரை அவகாசம் உண்டு. ஆனால் தனியாகப் போகவேண்டாம், முதலில் எங்களிடமும் உங்கள் வழக்கறிஞரிடமும் கதையுங்கோ. வேலை அனுமதி பற்றிய கேள்விகளும் வழக்கறிஞரிடம்தான். விதிகள் மாறுகின்றன, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொன்னதை நம்பி ஒன்றும் செய்யாதீர்கள்.

சான் ஹோசேயில் ஆகக்குறைந்த சம்பளம் 2025 இல் மணித்தியாலத்துக்கு 17.95 டொலர். ஒவ்வொரு தை மாதமும் திருத்துவார்கள், உங்கள் சம்பளத் துண்டைத் தை மாதம் கட்டாயம் பாருங்கோ. இது எப்படி வந்தது தெரியுமோ? 2011 இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சமூகவியல் வகுப்பு. இவ்வளவு சம்பளத்தில் இந்த நகரத்தில் எப்படிச் சீவிக்கிறது என்று ஒரு மாணவி கேட்ட கேள்வியில் தொடங்கியது. பிள்ளைகள் வீதிவீதியாகக் கையெழுத்து வேண்டினார்கள், தொழிற்சங்கங்களும் கோயில் குளங்களும் சேர்ந்தன. 2012 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்தார்கள். 2013 மார்ச்சில் 8 டொலர் 10 டொலர் ஆனது. வகுப்பில் கை உயர்த்தின ஒரு பிள்ளை! எனக்கு அதை வாசித்தபோது என்ரை பழைய வகுப்புத்தான் ஞாபகம் வந்தது.

எங்கட ஊரில் தலைவர் என்றால் மேடை, மைக், மாலை. இங்கே வேலைத்தலத்தில் "லீட்" என்று ஒரு பதவி இருக்கு. பெரிய பதவி இல்லை. உங்களோடு சேர்ந்து அதே வேலை செய்கிறவர், கொஞ்சம் கூடச் சம்பளம், புதிதாக வருகிறவருக்குப் பழக்கிவிடுகிற பொறுப்பு. அதுதான் முதல் படி. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒரு அக்கா போன வருசம் லீட் ஆனார். அவவின் இங்கிலிஷ் இன்றைக்கும் சுமார்தான். என்ன நடந்தது என்றால், ஒரு வயதான அம்மா இரண்டு நாளாகக் காலைச் சாப்பாட்டை ஒதுக்கி வைக்கிறதைக் கவனித்திருக்கிறா. மற்றவர்கள் "பசியில்லை" என்று எழுதிவிட்டுப் போனார்கள். இவ போய்த் தாதியிடம், "ஷி இஸ் நொட் ஷீ" என்று சொன்னாவாம். அவ அவவாக இல்லை என்கிற கருத்தில். இலக்கணம் இல்லை, ஆனால் தாதிக்கு விளங்கிவிட்டது. பார்த்தால் பல்லில் சீழ் பிடித்து, வாய் திறக்க ஏலாமல் இருந்திருக்கிறது. அந்த அம்மாவாலும் வாய்விட்டுச் சொல்லமுடியவில்லை. சொல்லமுடியாமல் இருக்கிறது என்றால் என்ன என்று இந்த அக்காவுக்கு வேறு யாரையும்விட நல்லாத் தெரியும்.

இப்ப அவ, புதிதாக வருகிறவர்களுக்கு எப்படிப் பழக்கிறா என்று கேட்டேன். "விளங்கிச்சுதோ எண்டு நான் கேக்கிறேல்லை ரீச்சர். செய்து காட்டுங்கோ பாப்பம் எண்டு சொல்லுறனான்" என்றா. பன்னிரண்டு வருசம் படிப்பித்தும் எனக்கு வராத புத்தி.

உங்கள் புகலிட வழக்கு நேர்முகத்துக்கும் இதே பழக்கம் வேணும் என்பதால் ஒரு சொல். அதிகாரி கேட்ட கேள்வி விளங்காவிட்டால், மொழிபெயர்ப்பாளர் சொன்னது பிழை என்று பட்டால், ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். "கேள்வி விளங்கவில்லை, திரும்பக் கேளுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. திகதி ஞாபகம் இல்லை என்றால், ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கோ. அங்கே சொன்ன ஒரு "ஓம்" பிறகு வழக்கு முழுக்க உங்களுக்குப் பின்னால் வரும்.

துப்புரவு வேலை போன அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு மொத்த வியாபாரக் கடையின் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் இரவு எனக்குப் போன் எடுத்தார். "ரீச்சர், இண்டைக்கு ஆறு தரம் கேட்டனான். ஐஞ்சாவது தரம் அந்தாள் சிரிச்சிட்டான்." கோபச் சிரிப்போ, நல்ல சிரிப்போ என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அதைத்தான் நாளைக்குப் பாக்கவேணும்" என்றார்.

அடுத்த சந்திப்பில் இருவர் இருவராக இருந்து, சுப்பர்வைசராகவும் புது ஆளாகவும் நடித்துப் பழகப் போறம். சம்பளத் துண்டு இருக்கிறவர்கள் அதையும் கொண்டு வாங்கோ, சேர்ந்து வாசிப்பம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம், பார்க்க ஆள் இருக்கு. தேத்தண்ணி இருக்கும்.